ஜார்ஜ் டவுனுக்கு ஒரே ஒரு பகல்: சித்தப்பா, சித்தியோட பினாங்கு

திங்கள், செந்தூல் (கோலாலம்பூர்)

இந்த வாரம் பினாங்கு போறோம். தேவகோட்டையில இருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருக்காங்க. பத்துமலை, இரட்டைக் கோபுரம் எல்லாம் பாத்தாச்சு, பினாங்குக்குன்னு ஒதுக்க முடிஞ்சது முழுசா ஒரே ஒரு பகல்தான். அதை எப்படிப் பிரிக்கலாம்னு யோசிக்கறத அன்னன்னைக்கு எழுதி வைக்கறேன், ஊர்ல இருந்து வர்ற பெரியவங்களக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு உதவட்டும்.

குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு வார்த்தை போட்டேன், அவ்வளவுதான், தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு பட்டியல் அனுப்பிட்டாரு. காலையில கெக் லோக் சி கோவில், அங்கிருந்து பினாங்கு ஹில், மத்தியானம் பத்து ஃபெரிங்கி கடற்கரை, வர்ற வழியில தண்ணீர்மலை முருகன், சாயங்காலம் கர்னி டிரைவ்ல சாப்பாடு, நேரம் கெடைச்சா டவுன்ல அந்த சைக்கிள் ஓவியத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ. எல்லாமே நல்ல எடம்தான். ஆனா கெக் லோக் சியும் ஹில்லும் இருக்கற ஆயர் ஈத்தாம் ஒரு பக்கம், பத்து ஃபெரிங்கி இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல ஜாம்ல காடிக்குள்ளயே பாதி நாள் ஓடிரும். ஹில் ரயிலுக்கு நிக்கற வரிசை தனி. சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, சித்திக்கு முட்டி வலி, தண்ணீர்மலையில 500க்கு மேல படி.

என் முடிவு இதுதான்: ஒரே நாள்னா பழைய டவுன விட்டு வெளிய போகவே கூடாது. மலாக்காவோட சேத்து 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வச்சது இந்தப் பழைய டவுனத்தான், அதுல மையப் பகுதி 109 ஹெக்டேர் சொச்சம், நிதானமா நடந்தாலே ஒரு முனையில இருந்து அடுத்த முனைக்குப் போயிரலாம். அதுக்குள்ள நம்ம ஆளுங்க வந்து எறங்குன துறைமுகம், கட்டுன கோவில், பள்ளிவாசல், வட்டிக்கடை வச்ச தெரு எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்கள மலைக்கும் மாலுக்கும் கூட்டிட்டுப் போயிட்டு இதைக் காட்டாமலே ஏர்போர்ட்ல கொண்டு போய் விடறோம். எனக்கு அது மனசு ஆறவே மாட்டேங்குது.

இன்னொன்னும் இருக்கு. சித்தப்பாவோட அப்பா, அதாவது எங்க தாத்தா, பினாங்கு ஸ்ட்ரீட்ல ஒரு செட்டியார் கிட்டங்கியில, அதாவது வட்டிக்கடையில, சமையலுக்கு இருந்தவரு. எங்கப்பா இங்க தங்கிட்டாரு, சித்தப்பா ஊரோட நின்னுட்டாரு. சின்ன வயசுல தாத்தாவுக்குக் கடுதாசி எழுதும்போது 'பினாங் ஸ்ட்ரீட்'னு விலாசம் போட்டது மட்டும்தான் அவருக்கு இந்த ஊரு. தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னதும் அவரே 'சரி அண்ணி, டவுனே போங்க'ன்னுட்டாரு.

செவ்வாய், இன்னும் செந்தூல்

ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. கேஎல் சென்ட்ரல்ல இருந்து பட்டர்வொர்த்துக்கு ஈடிஎஸ் மின்சார ரயில்ல சுமார் நாலு மணி நேரம். நாளைக்கு மத்தியானம் கெளம்பி, ராத்திரி தங்கி, வியாழன் முழுக்க சுத்திட்டு, வெள்ளி காலையில திரும்பறோம். பஸ் மலிவுதான், ஆனா பெரியவங்களுக்கு ரயில்தான் சௌகரியம், எழுந்து நடக்கலாம், டாய்லெட் இருக்கு. ஸ்கூல் லீவு, நீண்ட வார விடுமுறை சமயம்னா டிக்கெட் சீக்கிரம் தீந்துரும், முன்னாடியே எடுத்துருங்க.

எந்தக் கிழமைங்கறதுலயும் கவனம் வேணும். வெள்ளின்னா மத்தியானத் தொழுகை நேரத்துல பள்ளிவாசல் பக்கம் சுத்திப் பாக்க முடியாது. சனி ஞாயிறுன்னா ஆர்மேனியன் தெருவுல போட்டோ எடுக்கற கூட்டத்துல நடக்கவே எடம் இருக்காது. அதான் வியாழன்.

அறை லெபோ சூலியாவ (லெபோன்னா தெரு) ஒட்டி எடுத்திருக்கேன். கடற்கரை ஹோட்டல் அழகா இருக்கும், ஆனா மத்தியானம் வெயில்ல ரெண்டு மணி நேரம் அறைக்கு வந்து படுத்து எழுந்திரிக்கணும்னா நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். பெரியவங்கள வச்சுக்கிட்டுப் போடற திட்டத்துல அந்த ரெண்டு மணி நேரத் தூக்கம்தான் உயிர், அதை வெட்டினா சாயங்காலம் முழுக்கப் போச்சு.

வரிசையும் முடிவு பண்ணிட்டேன். கோவில் மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதனால மொதல்ல கோவில். கோட்டையும் திடலும் வெட்டவெளி, அதனால பதினோரு மணிக்குள்ள. கூ கொங்சிங்கற சீனக் குலமண்டபம் கூரைக்குக் கீழ, அதனால தூங்கி எழுந்து. கடல் பக்கம் வெயில் தாழ்ந்த அப்புறம். இது தவிர வேற ஒண்ணையும் சேக்கப் போறதில்ல. நீல மாளிகையக் கூட விட்டுட்டேன், 38 அறை உள்ள, சியோங் ஃபாட் ட்ஸேங்கற சீன வணிகரோட வீடு, ரொம்பப் பிரமாதமான எடம், ஆனா வழிகாட்டியோட பாக்கணும்னா குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க, அந்த நேரத்துக்காக மத்த எல்லாத்தையும் வளைக்க வேண்டியிருக்கு. வீடு கட்டுறதுல ஆர்வம் உள்ளவங்க கோட்டைய விட்டுட்டு அதுக்குப் போங்க, தப்பே இல்ல.

புதன் ராத்திரி, ஜார்ஜ் டவுன்

வந்து சேந்தாச்சு. பட்டர்வொர்த் ஸ்டேசன்ல எறங்கி, பினாங் சென்ட்ரல் வழியா நடந்து போனா ஃபெர்ரி. 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் 1985ல இருந்து இருக்கு, கிராப் காடி எடுத்து நேரா அறை வாசல்லயே எறங்கலாம்தான், ஆனா பினாங்குக்கு மொத தடவை வர்றவங்கள ஃபெர்ரியிலதான் கூட்டிட்டு வரணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். இப்ப ஓடறது 2023ல வந்த புது ஃபெர்ரி, ஆளுங்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். கட்டணத்துக்கு டச் அண்ட் கோ கார்டு கையில இருக்கட்டும்.

கால் மணி நேரம் கூட ஆகல கடக்க. சித்தப்பா உள்ள உக்காரவே இல்ல, கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. தாத்தா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி வந்தவரு. 1926ல கட்டுன கப்பல் அது, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் நம்ம சனங்கள ஏத்தி எறக்குச்சு. அந்தக் காலத்துல டெக்குல வந்தவங்கள நோய் பரவக் கூடாதுன்னு ஜெரெஜாக் தீவுல நிறுத்தி வச்சுப் பாத்துட்டுத்தான் ஊருக்குள்ள விடுவாங்க. தீவு தெக்கால இருக்குன்னு சொன்னேன், சித்தப்பா தெக்காலயே பாத்துக்கிட்டு இருந்தாரு.

லிட்டில் இந்தியாவுல இட்லி சாப்பிட்டு வந்து படுத்தாச்சு. நாளைக்கு ஆறரைக்கு எழுந்திரிக்கணும்.

வியாழன், முழு நாள்

இன்னைக்கு எழுத நெறைய இருக்கு, பொறுமையா படிங்க.

ஏழு மணிக்கெல்லாம் லெபோ குயின்ல ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில். 1833ல எழுந்த கோவில், பினாங்குலயே ரொம்பப் பழைய இந்துக் கோவில் இதுதான். கோபுர வாசல் குயின் தெருவுல, பின்பக்கம் போனா ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். விஜயதசமிக்கு அம்மன் ரதத்துல ஏறி இந்தச் சுத்துத் தெருவெல்லாம் வருவா. காலையில போனா கூட்டமே இல்ல, பூக்கடை அப்பதான் தெறக்கறாங்க, சித்தி அரை மணி நேரம் உக்காந்து அவங்க பாட்டுக்கு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க, நான் அவசரப்படுத்தல.

லெபோ பாசார்ல பசியாறிட்டு, அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இதோட கதைய நான் சித்தப்பாவுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். பரங்கிப்பேட்டையில இருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயர்ங்கற வணிகர், தென்னிந்திய சமூகத்துக்குத் தலைவரா, கப்பித்தானா இருந்தவரு, கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட நெலம் வாங்கி 1801ல தொடங்குனது. இன்னைக்கு நாம பாக்கற பெரிய குவிமாடம், வளைவு எல்லாம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல விரிவாக்குனப்ப வந்தது. தொழுகை நேரம் இல்லாதப்ப உள்ள விடறாங்க, மேலங்கி அவங்களே குடுக்கறாங்க. உள்ள வெள்ளைச் சலவைக்கல், காத்து நல்லா வருது. வாசல்ல இருந்த பெரியவர் ஒருத்தர் நாங்க தமிழ்ல பேசறதக் கேட்டுட்டு 'எந்த ஊரு?'ன்னாரு. சித்தப்பா தேவகோட்டைன்னதும் அவரு 'நமக்கு ராம்நாட் பக்கம், தொண்டிக்குப் பக்கத்துல'ன்னு சொல்ல, அங்கயே இருபது நிமிசம் ஓடிருச்சு. திட்டத்துல இல்லாத இருபது நிமிசம், ஆனா இதுக்காகத்தான திட்டத்தையே லூசா போட்டது.

அந்தச் சடக்குலயே வடக்கால நடந்தா கடைசி வரைக்கும் கும்புடற எடங்கள்தான். சீனர்களோட குவான் யின் கோவில், வாசல்ல ஊதுபத்திப் புகை கண்ணக் கட்டுது. அதத் தாண்டினா 1818ல கட்டுன செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், வெள்ளைத் தூண், பச்சப் புல்லு, முன்னாடி, பினாங்குல ஆங்கிலேயக் குடியேற்றத்தத் தொடங்குன ஃபிரான்சிஸ் லைட்டுக்கு ஒரு சின்ன மண்டபம். இந்தத் தேவாலயத்தையும் கொஞ்சம் தள்ளி இருக்கற கோட்டையையும் கட்டுன கை யாரோடதுன்னு பலகையில தேடிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். இந்தியாவுல இருந்து நாடு கடத்திக் கொண்டு வந்த கைதிங்க. பினாங்கோட ஆரம்பகாலச் சடக்கும் கட்டடமும் எத்தனையோ அவங்க ஒழைப்பு. கட்டடத்தைப் பாத்துட்டு 'வெள்ளக்காரன் கட்டுனான் பாரு'ன்னு யாராவது சொன்னா நான் இதைச் சொல்லாம விடறதில்ல.

கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு டிக்கெட் உண்டு. லைட் 1786 ஜூலையில எறங்குனப்ப இது வெறும் நிபோங் பனைமரத்த நட்டு அடைச்ச வேலி, கல்லும் செங்கலுமா ஆனது அதுக்கப்புறம். காடு வெட்ட ஆளுங்க தயங்குனதால பீரங்கியில வெள்ளிக்காச வச்சுக் காட்டுக்குள்ள சுட்டாருன்னு ஒரு கதை சொல்வாங்க, காசு பொறுக்கப் போனவங்க காட்டையும் வெட்டிட்டாங்களாம். ஸ்ரீ ரம்பைன்னு பேரு வச்ச டச்சுப் பீரங்கி இங்க இருக்கு, 1603ன்னு வருசம் போட்டது. அதைச் சுத்தி ஒரு நம்பிக்கை, புள்ள வரம் வேணும்னு பூ வைப்பாங்க. உள்ள பெருசா ஒண்ணும் இல்லைன்னு சிலர் சொல்றது உண்மைதான், வெயில்ல கால் மணி நேரம் போதும். வெளிய வந்தா மணிக்கூண்டு, விக்டோரியா ராணி ஆட்சியோட 60 வருசத்துக்கு 60 அடி ஒசரம், சியா சென் ஈயோக்னு ஒரு சீனப் பணக்காரர் கட்டிக் குடுத்தது. போர்ல குண்டு விழுந்ததுல லேசா சாஞ்சு நிக்குது. எதுத்தாப்புல ஸ்வெட்டன்ஹாம் பியர், இப்ப சொகுசுக் கப்பல் வந்து நிக்கற எடம்.

இங்க இருந்து பினாங்கு ஸ்ட்ரீட். லெபோ பினாங்.

இந்தத் தெருவ வேகமா நடந்து முடிச்சுரக் கூடாது. கிட்டங்கின்னா என்னன்னு சித்தப்பா அங்க நின்னு சொன்னத அப்படியே எழுதறேன், தாத்தா லீவுல ஊருக்கு வந்தப்ப சொன்னது அவருக்கு இன்னும் மனப்பாடம். குறுகலா, நீளமா போற ஒரே கடைவீடு. அதுக்குள்ள ரெண்டு பக்கமும் வரிசையா பல கடை, ஒரு கடைன்னா ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய், அவ்வளவுதான். கால மடிச்சுத் தரையில உக்காந்து கணக்கு எழுதுவாங்க. மேலாள், அவருக்குக் கீழ அடுத்தாள், அதுக்கும் கீழ பெட்டியடிப் பையன். ராத்திரி அதே பாயில படுக்கை. பின்கட்டுல அடுப்படி, அங்கதான் தாத்தா. ஈயக்காரனுக்கும் கித்தா (ரப்பர்) தோட்டக்காரனுக்கும் பணம் போனது இந்தப் பாயில இருந்துதான், அத்தனை பேருக்கும் ரசம் வச்சது எங்க தாத்தா.

எந்தக் கட்டடம்னு எங்களுக்குத் தெரியாது, தேடவும் இல்ல. நகரத்தார் கோவில் வீடு இதே தெருவுல இருக்கு, தைப்பூசத்துக்கு மொத நாள் வெள்ளி ரதம் அங்க இருந்துதான் கெளம்பி, தண்ணீர்மலை அடிவாரத்துல 1857ல கட்டுன நகரத்தார் கோவிலுக்குப் போகும். ரதம் 1894ல காரைக்குடியில செஞ்சு கப்பல்ல வந்தது. வழி நெடுக சீனர்களும் தேங்காய மலையாக் குவிச்சு ஒடைப்பாங்க. காரைக்குடின்னதும் சித்தப்பா 'நம்ம ஊருக்குப் பக்கத்துல செஞ்சது இத்தன வருசமா இங்க ஓடுதா'ன்னு கேட்டாரு, அப்புறம் தெருவோட ரெண்டு பக்கத்தையும் நிதானமா போட்டோ எடுத்தாரு, போர்டு, ஜன்னல், அஞ்சடித் (கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதை) தூண் எதையும் விடல.

சூலியா தெரு முக்குல நாகூர் தர்கா. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் பேர்ல 1800களோட தொடக்கத்துல எழுப்புனது, சின்ன எடம்தான், பாத்துக்கிட்டே தாண்டிப் போயிருவோம். ஊர்ல கப்பல் ஏறும்போது நேந்துக்கிட்டவங்க இங்க வந்து எறங்குனதும் அந்த நேத்திக்கடனத் தீக்க ஒரு வாசல் வேணும்ல.

மத்தியானச் சாப்பாடு. சித்தி கவிச்சி தொட மாட்டாங்க, அவங்களுக்கு லெபோ பாசார் பக்கமே வாழையில. நாங்க ரெண்டு பேரும் மட்டும் லெபோ கேம்பல்ல 1907ல இருந்து நடக்கற ஹமீடியாவுக்கு நாசி கண்டார் சாப்பிடப் போனோம். தோள்ல காவடியாட்டம் கம்பு, ரெண்டு முனையிலயும் கூடை, ஒண்ணுல சோறு, ஒண்ணுல குழம்பு, இப்படிச் சுமந்து துறைமுகத்து ஆளுங்களுக்கு வித்த தமிழ் முஸ்லிம்களோட சாப்பாடு இது. வரிசையில நின்னு பாக்கணும் அந்தப் பரிமாறுற கைய: சோறத் தட்டுல கொட்டி, நாம கைகாட்டுன மீனையோ கோழியையோ மேல வச்சு, அப்புறம் ஒரே கரண்டி மீன் குழம்புல ஒரு தொடல், கோழிக் குழம்புல ஒரு தொடல், தால்ச்சாவுல ஒண்ணு, கறுப்பா இனிப்பா ஒரு சாறுல ஒண்ணு, எல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழுந்து ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்கும். குவா சம்போர்னா இதுதான். தனித்தனியா கேட்டு வாங்கினா அந்த ருசி வராது. சித்தப்பா மொத வாய்ல நிறுத்தி, 'இது ராமநாதபுரத்து மசாலாதான், ஆனா என்னமோ சேந்திருக்கு'ன்னாரு. அவரு சொன்னது சரின்னுதான் எனக்கும் தோணுது.

ரெண்டரை வரைக்கும் தூக்கம்.

அப்புறம் கூ கொங்சி. ஒரே குலத்துச் சீனர்கள் சேந்து கட்டுன குலமண்டபம், முன்னாடி இருந்தது எரிஞ்சு போக 1906ல முடிச்சது. கூரை முழுக்க சிற்பமும் உடைஞ்ச பீங்கான வெட்டிச் செஞ்ச பொம்மைகளும், அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து வலிக்கும். நகரத்தாருக்குக் கோவில் பிரிவு எப்படியோ அப்படி இவங்களுக்கு குலம், வெளியூர்ல தனியா வந்து எறங்குனவனுக்கு மொதப் படுக்கையும் மொத வேலையும் இங்க இருந்துதான்னு சித்திகிட்ட சொன்னேன், அவங்களுக்கு டக்குன்னு புரிஞ்சிருச்சு. ஆர்மேனியன் தெரு சைக்கிள் ஓவியம் 2012ல எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைஞ்சது, வியாழனா இருந்தும் வரிசை, போட்டோ எடுத்தோம், தங்கச்சி வீட்டுக்காரருக்கு அனுப்பியாச்சு.

வெயில் தாழ்ந்ததும் சியூ ஜெட்டி. கடலுக்குள்ள மரக்காலு நட்டு அதுக்கு மேல வீடு, பெரும்பாலும் ஒவ்வொரு ஜெட்டியிலயும் ஒரே குடும்பப் பேரு உள்ளவங்க. இது மனுசங்க குடியிருக்கற எடம், ஜன்னல் வழியா உள்ள எட்டிப் பாத்து போட்டோ எடுக்காதீங்க, எத்தனை பேரு அப்படிச் செய்யறாங்க, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. முட்டி வலியோட சித்தி பலகை மேல கடைசி வரைக்கும் நடந்துட்டாங்க. ராத்திரி பாடாங் கோத்தா லாமாவுல பசெம்போர்ங்கற சாலட், அதோட முடிச்சாச்சு.

வெள்ளி, திரும்புற ரயில்ல

ரெண்டு பேரும் தூங்கறாங்க. தைப்பிங் தாண்டியாச்சு, சில விசயம் மட்டும் சொல்லிடறேன்.

ராத்திரி தங்க முடியாது, காலையில வந்து அன்னைக்கே திரும்பணும்னா கோட்டையையும் ஜெட்டியையும் விட்டுருங்க. ஃபெர்ரியில எறங்கி நேரா குயின் தெருக் கோவில், பள்ளிவாசல், பினாங்கு ஸ்ட்ரீட், சாப்பாடு, கூ கொங்சி. இவ்வளவு போதும். மலைய அடுத்த பயணத்துக்கு வச்சுக்கங்க, அது அங்கயேதான் இருக்கும்.

டவுனுக்குள்ள இலவச கேட் (CAT) பஸ் சுத்துது, கால் வலிச்சா ஏறிக்கலாம். அஞ்சடி ஓரமா நடந்தா வெயில் தெரியாது, ஆனா கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவுல மோட்டார் சைக்கிள் நிக்கும், பெரியவங்க கையப் புடிச்சுக்கணும். காலுறை ஒரு ஜோடி பையில வச்சுக்கங்க, பத்து மணிக்கு மேல கோவில் முற்றமும் பள்ளிவாசல் முற்றமும் சுடும், ரெண்டு எடத்துலயும் செருப்பக் கழட்டிட்டுத்தான் நடக்கணும்.